குப்பி மருந்து குறையைத் தீர்க்குமா?



மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஒருவன் வண்டிக்கு ஊற்றும் எண்ணெயைப் பற்றி எழுத முற்படுவது ஏன் என்று நீங்கள் வியக்கலாம். ஒரு தொலைபேசி அழைப்பே அதற்குக் காரணம்.

சில மாதங்களுக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை இஷாவுக்குப் பிறகு, ஷார்ஜாவிலிருந்து என் பழைய மாணவர் ஒருவர் பேசினார். எட்டு வயதில் என்னிடம் அலிஃப், பே ஓத வந்தவர். இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனார். துபாயின் அல் அவீர் மொத்தச் சந்தையில் காய்கறிகளை ஏற்றி, விடிவதற்குள் ஷார்ஜா, அஜ்மான் கடைகளில் இறக்கும் பிக்கப் வண்டியின் ஓட்டுநராக இருக்கிறார். வண்டியின் முதலாளியும் நம் மாவட்டத்துக்காரர்தாம். ஸலாம் சொல்லி, நலம் விசாரித்த பின் மாணவர் சொன்னார்:

"ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்கணும். கிதாபுல இருக்கிற மஸ்அலா இல்ல, வண்டி மஸ்அலா."

அவர் ஓட்டுவது பல ஆண்டுகள் உழைத்த அமெரிக்க வண்டி. கியரைக் கையால் மாற்ற வேண்டியதில்லை. தானே மாற்றிக்கொள்ளும் நான்கு வேகக் கியர் பெட்டி. சில வாரங்களாக அது ஒரு கோளாறு காட்டியது. சமதளச் சாலையில் மணிக்கு எழுபது, எண்பது கிலோமீட்டர் வேகத்தில் இலேசாக மிதித்துச் செல்லும்போது, கூழாங்கல் பாவிய பாதையில் உருளுவதுபோல் வண்டி முழுவதும் நடுங்கும். சிறிது நேரத்தில் நின்றுவிடும். பிறகு மீண்டும் வரும். உதிரிப்பாகக் கடையில் சொன்னதும், "இதை ஊற்று, போதும்" என்று ஒரு சிறு குப்பியைக் கொடுத்தார்கள். கியர் எண்ணெயோடு அதை ஊற்றிய மறுநாளே நடுக்கம் போய்விட்டது.

இதைக் கண்ட முதலாளி, வண்டி நன்றாக இருக்கும்போதே விற்றுவிடலாம் என்று முடிவு செய்தார். வாங்க வந்தவர் நம் பக்கத்து ஊர் இளைஞர். மனைவியின் நகையை அடகு வைத்துப் புரட்டிய பணத்தோடு, சொந்தமாகத் தொழில் தொடங்கக் காத்திருப்பவர்.

"குப்பி ஊத்தினதை அவர்கிட்ட சொல்லணுமா ஹஜ்ரத்? இப்பதான் வண்டி நல்லா ஓடுதே!"

நான் சொன்னேன்: "தம்பி, நோவு தீர்ந்துச்சா, மறைஞ்சுச்சான்னு தெரியாம நான் எப்படிப் பதில் சொல்றது? ரெண்டு நாள் பொறுத்துக்க."

விற்கும் பொருளின் குறையை மறைப்பது நமக்கு விலக்கப்பட்டது என்பதை இந்தப் பக்கங்களைப் படிக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் குறை உண்மையிலேயே நீங்கியிருந்தால் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? ஆகவே கேள்வி எண்ணெயில் வந்து நின்றது. நான் கலைப் பட்டம் பெற்றவன். இயந்திரம் எனக்குப் புதிது. எங்கள் ஊர்க் கடைத்தெருவின் கோடியில் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் போனேன். வளைகுடா நாடுகளின் பட்டறைகளில் இருபது ஆண்டுகள் அமெரிக்க வண்டிகளைப் பிரித்துப் பூட்டிய கைகள் அவருடையவை. அவர் காட்டியவற்றையும், அதன்பின் நான் தேடிப் படித்தவற்றையும் உங்கள்முன் வைக்கிறேன்.

எண்ணெய் அங்கே என்ன செய்கிறது?

நம் ஊர் லாரிகளில் பெரும்பாலானவை கிளட்சை மிதித்துக் கையால் கியர் மாற்றும் வண்டிகள். அவற்றின் கியர் பெட்டியில் உள்ள எண்ணெய்க்குப் பற்சக்கரங்கள் தேயாமல் காப்பதே முக்கிய வேலை. தானியங்கிக் கியர் பெட்டியில் அப்படி அன்று. அங்கே எண்ணெய்தான் உயிர்.

எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் என்ற, தேங்காயின் வடிவில் அமைந்த உருண்டை ஒன்று இருக்கிறது. அதனுள் இரண்டு விசிறிகள் எதிரெதிரே நிற்கின்றன. எஞ்சின் ஒரு விசிறியைச் சுழற்ற, அது எண்ணெயை வீச, அந்த எண்ணெயின் வேகத்தில் மற்ற விசிறி சுழல்கிறது. இரண்டையும் இணைக்கும் இரும்பு எதுவும் இல்லை. சக்தியைக் கடத்துவது எண்ணெயே. கியரை மாற்றுவதும் எண்ணெயின் அழுத்தமே. வால்வுகளின் வழியே பாயும் எண்ணெய் கிளட்ச் தட்டுகளை நெருக்கிப் பிடிக்கிறது, பிறகு விடுவிக்கிறது. இவற்றோடு, உள்ளே பிறக்கும் வெப்பத்தைச் சுமந்துகொண்டு போய் ரேடியேட்டரில் ஆற்றிவிட்டு வருவதும் அதே எண்ணெய்தான்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். எஞ்சின் எண்ணெயிடம் நாம் எதிர்பார்ப்பது வழுக்கல். எவ்வளவு வழுக்குகிறதோ அவ்வளவு நன்மை. தானியங்கிக் கியரின் எண்ணெயோ பற்சக்கரங்களை வழுக்கவும் வேண்டும். அதே நேரத்தில் கிளட்ச் தட்டுகளைப் பிடிக்கவும் விட வேண்டும். தட்டுகளின் மேல் காகிதம் போன்ற நாரால் ஆன படலம் ஒட்டப்பட்டிருக்கிறது. எண்ணெயில் நனைந்த அந்தப் படலம் பட்டென்று கவ்வினால் வண்டி உதறும். கவ்வாமல் வழுக்கினால் படலம் கருகும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள அளவைக் காப்பதற்கென்றே எண்ணெயில் சில வேதிப்பொருள்கள் கலக்கப்படுகின்றன. உராய்வைச் சீர்செய்யும் பொருள்கள் என்று அவற்றைச் சொல்லலாம்.

நம் மாணவரின் வண்டி நடுங்கியது இந்த அளவு பிசகியதால்தான். சற்று வேகம் எடுத்ததும், எரிபொருளைச் சிக்கனப்படுத்துவதற்காக டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் ஒரு கிளட்ச் இரு பக்கத்தையும் பூட்டிவிடுகிறது. சபுர் முடிந்து வந்தவரின் கனத்த பெட்டியைத் தரையில் இழுத்துப் பாருங்கள். ஒரே சீராக வராமல் பிடித்துப் பிடித்து, குதித்துக் குதித்து வரும். பூட்டும் அந்தக் கிளட்ச் தேய்ந்தாலோ, எண்ணெய் கெட்டாலோ, அதுவும் அவ்வாறே நொடிக்குப் பல முறை பிடித்துப் பிடித்து விடுகிறது. ஓட்டுநருக்கு அது நடுக்கமாகத் தெரிகிறது.

திமிங்கிலம் சொல்லும் பாடம்

இந்த எண்ணெயின் வரலாறு சுவையானது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் முழுத் தானியங்கிக் கியரை 1939 இன் இறுதியில், 1940 ஆம் ஆண்டு மாடலான ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் அறிமுகப்படுத்தியது. இத்தகைய கியருக்கென்றே தனி எண்ணெய்த் தரத்தை அது 1949 இல் வகுத்தது. 1967 இல் டெக்ஸ்ரான் என்ற பெயர் வந்தது. ஃபோர்டு நிறுவனம் வேறு குணமுள்ள எண்ணெய்களை வகுத்து, 1987 இல் மெர்கான் என்ற தரத்துக்கு வந்தது. கிரைஸ்லர் நிறுவனம் தனக்கென வேறொரு வரிசையை வைத்துக்கொண்டது. கசிவு எங்கிருந்து என்று எளிதில் தெரிவதற்காகச் சிவப்புச் சாயம் கலப்பது வழக்கமாயிற்று.

அக்காலத்து எண்ணெயில் உராய்வைச் சீர்செய்யும் பொருளாக இருந்தது எது தெரியுமா? திமிங்கிலத்தின் எண்ணெய்! நம்மவர்கள் அத்தரோடு சேர்த்துப் பேசும் அம்பர் எந்தத் திமிங்கிலத்திடமிருந்து கிடைக்கிறதோ, அதே எண்ணெய்த் திமிங்கிலம்தான். 1970 இல் அமெரிக்கா அதனை அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தபின் அந்த வணிகம் அங்கே நின்றது. வேதியியலார் மாற்றுப் பொருள்களைத் தேடினர். 1970களில் வந்த புதிய டெக்ஸ்ரான் எண்ணெயின் தொடக்க வகை ஒன்று, ரேடியேட்டருக்குள் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய்களின் பற்றவைப்பை அரிக்கத் தொடங்கியது. அரிப்பைத் தடுக்கும் பொருளைச் சேர்த்து, கலவையை மீண்டும் திருத்த வேண்டியதாயிற்று.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. பெரிய ஆய்வுக்கூடங்களை வைத்திருந்த நிறுவனங்களே ஒரு பொருளை மாற்றியபோது எதிர்பாராத இன்னொன்று கெட்டது. தானியங்கிக் கியரின் எண்ணெய் என்பது வெறும் எண்ணெய் அன்று. மண்ணிலிருந்து எடுத்துச் சுத்திகரித்த கனிம எண்ணெயோடு, ஆக்சிஜனால் கெடாமல் தடுப்பது, தேய்மானத்தைத் தடுப்பது, நுரையை அடக்குவது, அழுக்கைத் தாங்கிக்கொள்வது, துருவைத் தடுப்பது, ரப்பர் வளையங்களைச் சுருங்காமல் காப்பது, உராய்வைச் சீர்செய்வது என்று பல பொருள்கள் அளந்து கலக்கப்படுகின்றன. குப்பியை நாம் ஊற்றுவதற்கு முன்பே அது சேர்க்கைப் பொருள்களின் கலவைதான். அளந்து உப்பிட்ட பிரியாணித் தேக்சாவில், வழியோடு போகிறவர் ஒரு கை உப்பு அள்ளிப் போட்டால் எப்படி இருக்கும்?

நல்ல எண்ணெய் ஏன் கெடுகிறது?

முதல் பகைவன் வெப்பம். பத்து டிகிரி செல்சியஸ் வெப்பம் கூடினால் எண்ணெய் கெடும் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் ஒரு தோராயக் கணக்கு. செயற்கை முறையில் உருவாக்கிய எண்ணெய்கள் இதனைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். பழைய வண்டிகளில் ஊற்றும் சாதாரணக் கனிம எண்ணெய் அவ்வளவு தாங்காது. வளைகுடாவின் கோடையில் நிழலிலேயே வெப்பம் 45 டிகிரியைத் தாண்டுகிறது. அந்தச் சூட்டில் பாரம் ஏற்றி, சிக்னலுக்குச் சிக்னல் நின்று நின்று போகும் வண்டியின் கியர் பெட்டி படும் பாட்டை எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது பகைவன் தண்ணீர். ரேடியேட்டருக்குள் எண்ணெய்க் குழாய் ஓட்டையானால் தண்ணீரும் எண்ணெயும் கலக்கும். அப்போது சிவந்த எண்ணெய், கல்யாண வீட்டு ரோஸ்மில்க் நிறத்துக்கு மாறிவிடும். தட்டுகளின் காகிதப் படலத்துக்குத் தண்ணீர் நஞ்சு. இந்த நிலையில் எந்தக் குப்பியும் பயன் தராது. ரேடியேட்டரைச் சரிசெய்யாமல் வண்டியை எடுக்கவே கூடாது.

மூன்றாவது பகைவன் நம்முடைய மறதி. எஞ்சின் எண்ணெயை நாள் குறித்து மாற்றுகிறோம். கியர் எண்ணெய் பல ஆண்டுகள் கண்ணில் படாமலே கிடக்கிறது.

குப்பிக்குள் இருப்பது என்ன?

கடைகளில் விற்கும் குப்பிகளைப் பெரியவர் வகை பிரித்துச் சொன்னார்.

ஒன்று, நடுக்கத்தை நிறுத்தும் குப்பி. இதில் இருப்பது உராய்வைச் சீர்செய்யும் பொருளின் செறிவான கரைசல். பழைய எண்ணெயில் அந்தப் பொருள் தீர்ந்துபோனதால் நடுக்கம் வந்திருந்தால், இது உண்மையிலேயே வேலை செய்யும். நம் மாணவரின் வண்டியில் மறுநாளே நடுக்கம் நின்றதும் இதனால்தான். ஆனால் இழந்தது அந்த ஒரு பொருள் மட்டுமா? வெப்பத்தைத் தாங்கும் பொருளும், அழுக்கைத் தாங்கும் பொருளும், தேய்மானத்தைத் தடுக்கும் பொருளும் அந்தப் பழைய எண்ணெயில் தேய்ந்துதான் இருக்கும். அவற்றைக் குப்பி திருப்பித் தருவதில்லை. அளவு மிஞ்சினால், பிடிக்க வேண்டிய மற்றத் தட்டுகளும் வழுக்கத் தொடங்கும் ஆபத்தும் உண்டு.

இரண்டு, கசிவை நிறுத்தும் குப்பி. இது சுருங்கிய ரப்பர் வளையங்களை ஊறவைத்துப் பருக்கச் செய்கிறது. சில மாதங்கள் கசிவு நிற்கலாம். கிழிந்த வளையத்தை இது தைக்காது. நாளடைவில் ரப்பர் தளர்ந்து போவதும் உண்டு.

மூன்று, எண்ணெயைக் கெட்டியாக்கும் குப்பி. தேய்ந்த பெட்டியில் அழுத்தம் சற்றுக் கூடும். வழுக்கல் சில நாள் குறைந்தாற்போல் தோன்றும். கெட்டியான எண்ணெய் குறுகிய வழிகளில் மெதுவாகவே பாயும் என்பதை மறக்கக் கூடாது.

நான்கு, உள்ளே சுத்தம் செய்யும் குப்பி. ஆண்டுக்கணக்கில் படிந்த கசடு திடீரென்று பெயர்ந்து வந்து, நூல்போன்ற வால்வு வழிகளை அடைத்துவிடக்கூடும்.

"ஆலிம்சா, தேஞ்ச தட்டை எந்தக் குப்பியும் வளர்க்காது" என்றார் பெரியவர். ஒரு பழைய தட்டை என் கையில் கொடுத்தார். ஒருபுறம் படலம் முற்றும் போய், இரும்பு கருத்துத் தெரிந்தது. "இதுக்கு மேல என்னத்தை ஊத்தினாலும் இரும்பு மேல ஊத்துற மாதிரிதான்" என்றார்.

"காக்கா, அப்ப குப்பியே கூடாதா?" என்று கேட்டேன்.

"கூடாதுன்னு சொல்லலை. காய்ச்சலுக்கு மாத்திரை போடுறோம்ல? காய்ச்சல் ஏன் வந்துச்சுன்னு பார்க்காம தினமும் மாத்திரை போட்டா என்ன ஆகும்? அப்படித்தான்."

வண்டி செய்தவர்கள் சொல்வது

தானியங்கிக் கியரில் கூடுதல் சேர்க்கைப் பொருள்களையோ, சுத்தம் செய்யும் திரவங்களையோ ஊற்ற வேண்டாம் என்று ஃபோர்டு நிறுவனத்தின் கையேடுகள் எச்சரிக்கின்றன. உள்ளுறுப்புகள் சேதமடையலாம் என்பது அவை கூறும் காரணம். கிரைஸ்லர் நிறுவனத்தின் கையேடுகளும் அவ்வாறே சொல்லி, கசிவைக் கண்டுபிடிக்க உதவும் சாயத்துக்கு மட்டும் விலக்கு அளிக்கின்றன.

ஜெனரல் மோட்டார்ஸின் புதிய எட்டு வேகக் கியர் வண்டிகள் சிலவற்றிலும் இதே போன்ற நடுக்கம் பெரும் புகாராக எழுந்தது. 2019 அளவில் அந்த நிறுவனம் பட்டறைகளுக்குச் சொன்ன தீர்வு குப்பி அன்று. பழைய எண்ணெயை முற்றும் கழுவி வெளியேற்றி, புதிய கலவையில் செய்த எண்ணெயை நிரப்புமாறே அது கூறியது. வண்டியைச் செய்தவரே எண்ணெயை மாற்றச் சொல்லும்போது, கடைக்காரர் ஒரு குப்பியைச் சேர்க்கச் சொல்வதை நாம் சற்று நிதானித்தே கேட்க வேண்டும்.

விளம்பரங்களைப் பற்றியும் ஒரு சொல். 1990களின் பிற்பகுதியில், எஞ்சின் எண்ணெயோடு சேர்க்கும் பொருள்களை விற்ற சில நிறுவனங்கள்மீது அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. தேய்மானத்தைக் குறைக்கும், எஞ்சினின் ஆயுளைக் கூட்டும் என்றெல்லாம் அவை செய்த விளம்பரங்களுக்குத் தக்க சான்று இல்லை என்பதே குற்றச்சாட்டு. அவை எஞ்சினுக்கானவைதாம், கியருக்கானவை அல்ல. ஆயினும் குப்பியின் மேல் அச்சிட்டிருப்பது எல்லாம் சோதித்து அறிந்த உண்மை என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு அது போதுமான சான்று.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன?

பழைய தானியங்கிக் கியர் வண்டியை ஓட்டும் சகோதரர்களுக்குப் பெரியவர் கூறிய முறையை வரிசைப்படுத்தித் தருகிறேன்.

1. வண்டியின் கையேட்டில் எந்தத் தர எண்ணெய் என்று எழுதியிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். டெக்ஸ்ரான் 3 என்ற தரத்துக்கு ஜெனரல் மோட்டார்ஸ் வழங்கிவந்த உரிமம் 2006 இன் இறுதியோடு முடிந்துவிட்டது. இன்று அந்தப் பெயரைக் காட்டி விற்கப்படும் எண்ணெய்களுக்கு அந்த நிறுவனத்தின் சான்று இல்லை. 2005 இல் வந்த டெக்ஸ்ரான் 6, அந்நிறுவனத்தின் பழைய வண்டிகளுக்கும் பொருந்தும் என்று அதுவே அறிவித்திருக்கிறது. ஃபோர்டு, கிரைஸ்லர் வண்டிகளுக்கு அவற்றின் கையேடே வழிகாட்டி.

2. எண்ணெயின் அளவைச் சரியான முறையில் பாருங்கள். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும்; எண்ணெய் சூடாகி இருக்க வேண்டும்; எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பெரும்பாலான ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு வண்டிகளில் கியர்த் தண்டை நிறுத்த நிலையில் வைத்துப் பார்க்க வேண்டும். பழைய டாட்ஜ் பிக்கப்களில் நியூட்ரலில் வைத்துப் பார்க்க வேண்டும். அளவு குறைந்தால் கியர் வழுக்கும். மிஞ்சினால் நுரைத்துக் கெடும்.

3. அளவுக் கம்பியிலிருந்து ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விடுங்கள். சிவப்பாகப் பரவினால் நன்று. கருத்து, கருகிய வாடை வந்தால் உள்ளே ஏதோ எரிகிறது என்று பொருள். சில வகை எண்ணெய்களில் சாயம் விரைவில் மங்கிவிடும். ஆகவே நிறத்தை மட்டும் நம்பாமல் வாடையையும் பாருங்கள்.

4. நடுக்கம் எங்கிருந்து வருகிறது என்று அறியுங்கள். ஸ்பார்க் பிளக் கெட்டு எஞ்சின் விட்டு விட்டு எரிந்தாலும் இதே போன்ற நடுக்கம் வரும். ஆளில்லாத சாலையில், நடுக்கம் வரும்போது மிதியை விடாமல் பிரேக்கை மட்டும் இலேசாகத் தொடுங்கள். பிரேக்கைத் தொட்டதும் டார்க் கன்வெர்ட்டரின் பூட்டு விடுபடும். உடனே நடுக்கம் நின்றால் குறை பெரும்பாலும் அந்தக் கிளட்சில்தான். நிற்காவிட்டால் எஞ்சினைப் பாருங்கள்.

5. கியர் பெட்டியின் அடித்தட்டைக் கழற்றி, வடிகட்டியையும் எண்ணெயையும் மாற்றுங்கள். தட்டில் உள்ள காந்தத்தில் சாம்பல் நிறப் பசைபோல் சிறிது ஒட்டியிருப்பது இயல்பு. கரும் செதில்களோ, இரும்புத் துணுக்குகளோ இருந்தால் உள்ளே சேதம் உண்டு.

6. அடித்தட்டைக் கழற்றினால் எல்லா எண்ணெயும் வந்துவிடாது. ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்களில் பரவலாக இருந்த நான்கு வேகப் பெட்டி ஒன்றின் மொத்தக் கொள்ளளவு பத்து லிட்டருக்கு மேல். அடித்தட்டைக் கழற்றினால் வருவது ஐந்து லிட்டருக்குள்தான். மிச்சம் டார்க் கன்வெர்ட்டரில் தங்கிவிடும். எனவே சில நாள் ஓட்டி, மீண்டும் ஓரிரு முறை மாற்ற வேண்டும்.

7. பாரம் ஏற்றும் வண்டியானால், ரேடியேட்டருக்கு முன்னால் எண்ணெயைக் குளிர்விக்கும் தனிக் கருவி ஒன்றைப் பொருத்துங்கள். வெப்பம் குறைவதைப் போன்ற மருந்து வேறில்லை.

8. இவ்வளவும் செய்த பின்னும் குப்பியை ஊற்ற முடிவு செய்தால், அது எந்த வகை என்று அறிந்து, சொன்ன அளவுக்கு மேல் போகாமல் ஊற்றுங்கள். தேதியைக் குறித்து வையுங்கள். வண்டி கைமாறும்போது அந்தக் குறிப்பும் சேர்ந்து கைமாற வேண்டும்.

மாணவருக்குச் சொன்ன பதில்

சொன்ன தவணையில் மாணவரை அழைத்தேன். எண்ணெயை மாற்றாமல், அடித்தட்டைத் திறந்து பாராமல் ஊற்றிய குப்பி நடுக்கத்தை நிறுத்தியிருக்கிறதே தவிர, கிளட்சின் நிலை யாருக்கும் தெரியாது என்றேன். தெரியாத ஒன்றை நன்றாக இருக்கிறது என்று சொல்லி விற்பதும் மறைப்புத்தான். "முதல்ல முதலாளிகிட்ட பக்குவமாச் சொல்லு. தட்டைத் திறந்து பார்க்கச் சொல்லு. நல்லா இருந்தா அவருக்கு நல்ல விலை. இல்லாட்டி வாங்குறவருக்கு நல்ல சேதி."

"வேலைக்கே ஆபத்து வந்துட்டா, ஹஜ்ரத்?"

இதற்கு என்னிடம் எளிய பதில் இருக்கவில்லை. ஊரில் அவர் பணத்தை எதிர்பார்த்திருக்கும் தாயையும் பிள்ளைகளையும் நான் அறிவேன். மத்ரஸாவின் பாயில் உட்கார்ந்துகொண்டு அறிவுரை சொல்வது எளிது. அயல் மண்ணில் முதலாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்வது எளிதன்று. அதையே அவரிடமும் சொன்னேன். "சொல்ல வேண்டியது இதுதான். எப்படிச் சொல்றதுங்கிறது உனக்குத்தான் தெரியும்" என்று முடித்தேன்.

பத்து நாள் அழைப்பு வரவில்லை. பிறகு பேசினார். முதலாளி முதலில் சினந்து, மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். நான்காம் நாள் அவரே வண்டியைப் பட்டறைக்கு அனுப்பியிருக்கிறார். அடித்தட்டைத் திறந்தபோது எண்ணெய் கருகியிருந்தது. தட்டின் அடியில் கிளட்ச் படலத்தின் கரும் செதில்கள் கிடந்தன. டார்க் கன்வெர்ட்டரை மாற்றியாக வேண்டும் என்று பட்டறைக்காரர் சொல்லிவிட்டார். வாங்க வந்த இளைஞரை அழைத்து, திறந்த தட்டை நேரிலேயே காட்டினார்கள். மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டு, குறைந்த விலைக்கு அவர் அந்த வண்டியையே வாங்கிக்கொண்டார். கன்வெர்ட்டரை மாற்றி, எண்ணெயைக் குளிர்விக்கும் கருவியையும் பொருத்தி இப்போது ஓட்டிவருகிறார்.

முதலாளிக்கு இழப்புத்தான், அதை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நடுக்கம், சுமை ஏற்றிய ஒரு கோடை நாளில், நடுச் சாலையில், அடகு வைத்த நகைக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கும் ஓர் இளைஞரின் கையில் திரும்பி வந்திருந்தால்? மாணவர் இன்னும் அதே முதலாளியிடம்தான் வேலை பார்க்கிறார். அடுத்து வாங்கிய பழைய வண்டியைப் பார்க்கப் போகும்போது, முதலாளி அவரையும் கூட அழைத்துச் சென்றாராம். "எண்ணெய்க் கம்பியை உருவிப் பாரு" என்று முதலில் சொன்னவரும் அவர்தானாம்.

வாசகர்களே! உங்கள் வீட்டிலும் அயல்நாட்டுச் சாலைகளில் வண்டி ஓட்டும் ஒரு மகனோ, தம்பியோ, கணவரோ இருக்கலாம். அடுத்த முறை அவர் பேசும்போது, சாப்பிட்டாயா, உறங்கினாயா என்று கேட்ட பிறகு, கியர் எண்ணெயை எப்போது மாற்றினாய் என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.